பழைய ஸ்னோமொபைல் கேள்வி பதில்: முதல்ல ஸ்க்ரூ டிரைவர கீழ வைங்க

பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனி மேல ஓடற மோட்டார் வண்டி) வச்சிருக்கவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டிருந்தோம். முக்கால்வாசி பேர் கேட்டது ஒண்ணுதான், கார்புரேட்டர எத்தன சுத்து திருப்பணும்? அதனால அந்தக் கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே, எழுபதுகள்ல வந்த ஒத்த சிலிண்டர் ஸ்கி-டூ எலான் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. பதினஞ்சு வருஷம் கொட்டகைல சும்மா நின்ன வண்டி. இருபது தடவ கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, சோக் போட்டா ஓடுது, சோக்க எடுத்தா அணைஞ்சுடுது. சில நேரம் த்ராட்டில விட்டதுக்கு அப்புறமும் ரெய்ஸ் இறங்க மாட்டேங்குது. கார்புல இருக்கிற ரெண்டு ஊசி ஸ்க்ரூவையும் எல்லா பக்கமும் திருப்பிப் பாத்தாச்சு. எத்தன சுத்துன்னு மட்டும் சொல்லிடுங்க போதும்.

பதில்: தம்பி, சுத்து சொல்றேன், ஆனா அதுல உங்க பிரச்சன தீராது. ரெண்டு ஊசியையும் மெதுவா உள்ள போய் உக்கார்ற வரைக்கும் திருப்பி (இறுக்கக் கூடாது, இறுக்கினா ஊசி முனைல பள்ளம் விழும்) அங்கருந்து ஆளுக்கு ஒரு சுத்து வெளிய எடுங்க, அது ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான். இப்ப அத மறந்துட்டு ஸ்க்ரூ டிரைவர கீழ வைங்க.

நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. சோக் போட்டா ஓடுதுன்னா என்ன அர்த்தம், எஞ்சினுக்கு பெட்ரோல் பத்தல இல்ல காத்து எங்கயோ திருட்டுத்தனமா உள்ள வருது. ரெய்ஸ் இறங்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அதுதான் பயம், ஏன்னா அது காத்து கசியிறதுக்கான அடையாளம். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸுக்குள்ள போற பெட்ரோல்தான் ஆயிலையும் தூக்கிட்டுப் போகுது, பிஸ்டன குளிர வைக்கறதும் அதுதான், அதனால பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடினா முதல்ல சுகமா இருக்கும், வண்டி பறக்கிற மாதிரி தோணும், அப்புறம் பிஸ்டன் மேல ஓட்ட விழும். இந்த நிலமைல அத ஓட்டிட்டுப் போய் டியூன் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க.

ரெண்டு ஊசின்னு சொன்னதால அது டில்லட்சன் டயாஃப்ரம் கார்பாதான் இருக்கும். அதுல மிதவை கிடையாது, ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு எஞ்சின் உறிஞ்சுறப்ப மேல ஏறி ஒரு லிவர அமுக்கும், லிவர் பெட்ரோல் வழிய திறக்கும். பதினஞ்சு வருஷத்துல அந்தச் சவ்வு அப்பளம் மாதிரி விறைச்சிருக்கும், விறைச்ச சவ்வு லிவர அமுக்காது, நீங்க வெளிய ஊசிய என்ன திருப்பினாலும் உள்ள பெட்ரோல் வந்தாத்தானே. டயாஃப்ரம் கிட் ஒண்ணு வாங்கி மொத்தமா மாத்துங்க, லிவர் உயரத்த கிட்ல வர்ற தாள்ல இருக்கிற அளவுக்கு வைங்க, உள்ள இருக்கிற குட்டி வலைய மறக்காம கழுவுங்க, நிறைய பேர் அது ஒண்ணு இருக்கறதையே பாக்க மாட்டாங்க. பெட்ரோல் டியூபையும் மாத்துங்க, டேங்குக்குள்ள தொங்கற துண்டும் சேத்து, ஏன்னா வெளிய இருக்கிறது நல்லா தெரியும் உள்ள இருக்கிறது வெடிச்சிருக்கும், அது காத்த உறிஞ்சும். இப்ப பெட்ரோல்ல கலக்கற எத்தனால் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது, தண்ணியையும் இழுத்து வச்சுக்கும்.

இவ்வளவும் செஞ்சும் ரெய்ஸ் இறங்கலன்னா கிராங்க் சீல், அதாவது கிராங்க் முனைல காத்து கசியாம அடைக்கற வளையம். கிராங்கோட ரெண்டு முனைலயும் ஒவ்வொண்ணு இருக்கும், ஒண்ணு ஃப்ளைவீலுக்குப் பின்னாடி, இன்னொண்ணு கிளட்சுக்குப் பின்னாடி. சும்மா நின்ன வண்டில காஞ்சு போறது அதுதான். பாக்கறதுக்கு வழி இருக்கு: கார்ப கழட்டி இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் அடைப்பு வச்சு மூடுங்க, பிளக்க மாட்டி வைங்க, பல்ஸ் லைன் (கிராங்க் கேஸ் அழுத்தத்த பெட்ரோல் பம்புக்கு கொண்டு போற குழாய்) ஓட்ட வழியா கைப்பம்புல 5, 6 பி.எஸ்.ஐ காத்து ஏத்துங்க, அதுக்கு மேல போனா நல்லா இருக்கிற சீலும் பிதுங்கிடும். சில நிமிஷம் அப்படியே நின்னா சரி, முள்ளு மடமடன்னு இறங்கினா சோப்புத் தண்ணிய தடவுங்க, எங்க குமிழி வருதோ அங்கதான் வியாதி. சீல் மாத்த கிளட்ச கழட்டணும், அதுக்குன்னு இருக்கிற புல்லர் போல்ட் வச்சு கழட்டுங்க, சுத்தியல் வேண்டாம், கிராங்க் வளைஞ்சா அப்புறம் அழுதாலும் நிமிராது.

இதெல்லாம் முடிஞ்சு எஞ்சின் நல்லா சூடான பிறகுதான் ஊசி. லோ ஊசிய ஐடில்லயும் த்ராட்டில் எடுக்கறப்ப திக்காம போற இடத்துலயும் வைங்க. ஹை ஊசிய கொஞ்சம் பெட்ரோல் அதிகமாவே விட்டு வைங்க, முழு த்ராட்டில்ல லேசா நாலு ஸ்ட்ரோக் மாதிரி குடுகுடுன்னா பரவால்ல, கணீர்னு சுத்தமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு இன்னும் கால் சுத்து உள்ள விட்டவங்க பிஸ்டன்கள நான் பாத்திருக்கேன்.

கேள்வி: பழைய மேனுவல்ல 20க்கு 1 ஆயில் கலக்கணும்னு இருக்கு, ஆயில் டப்பால 50க்கு 1ன்னு இருக்கு. எத நம்பறது? ஆயில் கூட ஊத்தினா எஞ்சினுக்கு நல்லதுதானே?

பதில்: 20க்கு 1 வந்த காலத்துல ஊத்தினது சாதா மினரல் ஆயில், இப்ப வர்ற டூ ஸ்ட்ரோக் ஆயில் வேற சரக்கு. காத்துல குளிர்ற பழைய எஞ்சினுக்கு நான் 40க்கு 1ல நிக்கிறேன், அதாவது 20 லிட்டர் பெட்ரோலுக்கு 500 மில்லி. 20க்கு 1னா அதே 20 லிட்டருக்கு 1 லிட்டர் ஆயில், பிளக் கரி பிடிச்சே செத்துடும். இதுல எங்களுக்குள்ளயே சண்ட உண்டு, 32க்கு 1 சொல்றவங்களும் தப்பில்ல.

ஆனா ஒரு விஷயம் நிறைய பேர் தலகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. ஆயில் கூட ஊத்தினா கலவை ரிச் ஆகும்னு, அதாவது காத்துக்கு பெட்ரோல் அதிகமாகும்னு. இல்ல, ஜெட் (கார்புக்குள்ள பெட்ரோல அளந்து விடற குட்டி ஓட்ட) வழியா போற மொத்த அளவு கிட்டத்தட்ட அதேதான், அதுல ஆயில் கூடினா பெட்ரோல் குறையுது, அப்ப கலவை லீன்தான் ஆகும், பெட்ரோல் கம்மி. பயந்துகிட்டு கூடுதலா ஆயில் ஊத்தி ஜெட்ட மாத்தாம ஓட்டறது நீங்க நினைச்சதுக்கு நேர் எதிர் வேல. ஒரு விகிதத்த முடிவு பண்ணுங்க, அதுக்கு டியூன் பண்ணுங்க, அப்புறம் மாத்தாதீங்க. படகு மோட்டாருக்கு வர்ற டி.சி-டபிள்யூ3 ஆயில இதுல ஊத்தாதீங்க, அது தண்ணில குளிர்ற எஞ்சினுக்கு செஞ்சது. கடுங்குளிர்ல ஆயில் தேன் மாதிரி கேன் அடில போய் உக்காந்துக்கும், அதனால வீட்டுக்குள்ள வச்சிருந்த ஆயில பாதி பெட்ரோல்ல ஊத்தி நல்லா குலுக்கிட்டு மிச்சத்த ஊத்துங்க.

கேள்வி: எங்க வண்டில மிக்குனி கார்ப். சீசன் ஆரம்பத்துல சூப்பரா ஓடிச்சு, ஜனவரில செம குளிர்ல ஒரே இழுப்புல போறப்ப எஞ்சின் இறுகி நின்னுடுச்சு. எதையும் மாத்தவே இல்லையே சார், எப்படி?

பதில்: நீங்க மாத்தல, காத்து மாறிடுச்சு. பூஜ்யம் டிகிரில இருந்து மைனஸ் 25க்கு இறங்கினா காத்தோட அடர்த்தி சுமார் 10 சதவீதம் கூடுது, பெட்ரோல் அதே அளவுதான் வருது, அப்ப லீன். ஆரம்ப சீசன்ல பொருத்தமா இருந்த மெயின் ஜெட் கடுங்குளிர்ல சின்னது. மலை மேல போனா இதுக்கு நேர் எதிர், காத்து மெலிசு, ஜெட்டும் சின்னதாகணும். அந்தக் காலத்து மேனுவல்கள்ல வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் ஜெட் அட்டவணை ஒண்ணு இருக்கும், அத ஒரு போட்டோ எடுத்து ஹூட் உள்பக்கம் ஒட்டி வைங்க. நான் சீசன் முழுக்க குளிர்நாள் ஜெட்டயே போட்டு ஓட்டற ஆள், வெயில் அடிக்கிற நாள்ல கொஞ்சம் மந்தமா போகும், போகட்டுமே.

மிக்குனில எந்த இடத்துல கோளாறோ அதுக்கு ஏத்த பாகத்ததான் தொடணும். ஐடில்ல இருந்து கால் த்ராட்டில் வரைக்கும் பைலட் ஜெட்டும் காத்து ஸ்க்ரூவும், அதுக்குள்ளயே ஸ்லைடோட அடி வெட்டும் விளையாடும், கால்ல இருந்து முக்கால் வரைக்கும் நீடில், முக்காலுக்கு மேல மெயின் ஜெட். த்ராட்டில் லிவர் பக்கத்துல ஒரு டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போட்டுக்குங்க, திக்கறது எங்கன்னு கண்ணால பாக்கலாம், பாதி த்ராட்டில்ல திக்கறதுக்கு மெயின் ஜெட்ட மாத்திட்டு ஏன் சரியாகலன்னு கேக்க வேண்டி வராது.

பிளக் கலர் பாக்கணும்னா வீட்டுக்கு மெதுவா ஓட்டி வந்து பாக்காதீங்க, அது ஐடில் கலர். புது பிளக் போட்டு முழு த்ராட்டில்ல கொஞ்ச தூரம் போய், த்ராட்டில விடறதுக்கு முன்னாடியே கில் ஸ்விட்ச அமுக்கி நிறுத்தி அங்கயே கழட்டிப் பாருங்க. இளம்பழுப்பு நல்லது, வெள்ள ஆபத்து, கரி கருப்புன்னா ரிச். இப்பத்த பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் கலர் காட்டாது, அதனால பிஸ்டன் மேல்பக்கத்தயும் ஒரு டார்ச் அடிச்சு பாத்துருங்க. உங்க வண்டிய மறுபடி பூட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன்: ஃபேன் கூலிங்கா? அப்ப ஃபேன் பெல்ட்டும் தகர மூடிக்குள்ள எலி கூடும் பாத்தீங்களா? ஜெட்ட மட்டும் குத்தம் சொல்லிட்டு எலி கூட்ட அப்படியே விட்டு ரெண்டாவது பிஸ்டனையும் காலி பண்ணவர் ஒருத்தர எனக்குத் தெரியும், பேர் வேண்டாம், கண்ணாடில தினம் பாக்கறேன்.

கேள்வி: திடீர்னு ஸ்பார்க் இல்ல. காயில், கண்டென்சர் எல்லாம் வாங்கலாமா?

பதில்: காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கில் ஸ்விட்ச் ஒயர கழட்டிட்டு இழுத்துப் பாருங்க. மேக்னட்டோ இக்னிஷன்ல (பேட்டரி இல்லாம ஃப்ளைவீல் காந்தத்துலயே ஸ்பார்க் வர்றது) அணைக்கறதே அந்த ஒயர பாடில ஷார்ட் பண்ணித்தான், அந்த ஒயர் எங்கயாவது தோல் உரிஞ்சு தகரத்துல பட்டா ஸ்பார்க் போயிடும். ஸ்பார்க் வந்துச்சுன்னா ஒயர சரி பண்ணி திருப்பி மாட்டுங்க, மாட்டாம ஓட்டாதீங்க.

அப்பவும் வரலன்னா பாயிண்ட், அதாவது ஸ்பார்க் நேரத்துல திறக்கற குட்டி சுவிட்ச். ரெண்டு சீசன் நின்னாலே மேல ஒரு மெல்லிய படலம் பிடிச்சுக்கும், பாயிண்ட் ஃபைல்ல லேசா ரெண்டு இழுப்பு, அப்புறம் சுத்தமான அட்டைய இடைல வச்சு இழுங்க. இடைவெளி நிறைய எஞ்சின்கள்ல 0.35ல இருந்து 0.45 மி.மீ. டைமிங்க பிளக் ஓட்டைல டயல் கேஜ் வச்சு பாக்கணும், பிஸ்டன் உச்சிக்கு எத்தன மி.மீ முன்னாடி பாயிண்ட் திறக்குதுங்கறது எஞ்சினுக்கு எஞ்சின் வேற, அதுக்கு மேனுவல். இடைவெளி கூடினா டைமிங் முன்னாடி வரும், பாயிண்ட் கட்டை தேஞ்சு இடைவெளி குறைஞ்சா பின்னாடி போகும், அதனால இடைவெளிய வச்சுட்டுத்தான் டைமிங். சாதா டெஸ்ட் பல்ப வச்சு பாயிண்ட் திறக்கறத பாக்க முடியல அணையவே மாட்டேங்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், காயில் ஒயர் வழியா கரண்ட் சுத்தி வருது சார், பாயிண்ட்ட காயில்ல இருந்து பிரிச்சுட்டு பாருங்க. ரெண்டு சிலிண்டர்னா ரெண்டு பாயிண்ட், தனித்தனியா.

கேள்வி: எஞ்சின் அலறுது, வண்டி நகர மாட்டேங்குது. பெல்ட் புதுசாத்தான் தெரியுது அண்ணா. என் வீட்டுக்காரர் எஞ்சின்ல பவர் போச்சுங்கறார், நான் இல்லங்கறேன்.

பதில்: நீங்கதான் சரிங்கம்மா, பவர் இல்லாத எஞ்சின் அலறாது. கிளட்ச் பக்கம்தான் கோளாறு. முன் கிளட்சுல எடைக்கல்லும் ஸ்பிரிங்கும் இருக்கும், வேகம் கூடக்கூட தட்டு ரெண்டும் நெருங்கி பெல்ட்ட மேல தள்ளும், பின் கிளட்சுல ஸ்பிரிங் எதிர்த்து நிக்கும். இதுக்கு நடுவுல பெல்ட் எந்த உயரத்துல ஓடுதோ அதுதான் கியர். பெல்ட் பளபளன்னு புதுசா தெரியறது பெரும்பாலும் வழுக்கி வழுக்கி மெருகேறினது. அகலத்த அளந்து புது பெல்ட் அளவோட ஒப்பிடுங்க, 3 மி.மீ தேஞ்சிருந்தா மாத்தணும், நம்பரும் அதே நம்பரா பாருங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கிற வேற பெல்ட் போட்டு அவஸ்தப்படறவங்க நிறைய. தட்டுகள ஆல்கஹால் போட்டு துடைங்க, கிரீஸ் அந்தப் பக்கமே போகக் கூடாது. புது பெல்ட் போட்டும் தீரலன்னா எடைக்கல் புஷ் தேஞ்சிருக்கும், அப்புறம் ரெண்டு கிளட்சும் ஒரே நேர்ல இருக்கா, நடு தூரம் சரியான்னு பாக்கணும், எஞ்சின் மவுண்ட் ரப்பர் தளர்ந்தாலே அது கெட்டுடும்.

பெல்ட்ல ஒரே ஒரு இடம் மட்டும் இடுப்பு மாதிரி குறுகியிருந்தா அது வேற கத. ராத்திரி ட்ராக் (வண்டிக்கு அடில சுத்தற ரப்பர் பட்டை) தரையோட உறைஞ்சு ஒட்டியிருக்கும், காலைல அப்படியே ஸ்டார்ட் பண்ணி த்ராட்டில் கொடுத்தா ட்ராக் சுத்தாது, கிளட்ச் மட்டும் அந்த ஒரு இடத்துலயே தேய்க்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பின்பக்கத்த தூக்கி ரெண்டு உதறு உதறிட்டு இறக்குங்க. இன்னொண்ணு, பெல்ட் இல்லாம எஞ்சின ரெய்ஸ் பண்ணாதீங்க, மூடி கழட்டின கிளட்ச் பக்கத்துல நிக்காதீங்க, அந்தத் தட்டு வெடிச்சா குண்டு மாதிரி வரும்.

கேள்வி: உறைஞ்ச ஏரி மேல அரை மணி நேரம் ஓட்டினேன், ரப்பர் கருகற நாத்தம் வருது. என்னது?

பதில்: ஸ்லைட் ரயில் சஸ்பென்ஷனா இருக்கும். ரயிலுக்கு அடில இருக்கிற பிளாஸ்டிக் பட்டைக்கு பனித்தூள்தான் எண்ணெய், வெறும் ஐஸ் மேல ஓட்டினா உருகி ட்ராக் கிளிப்போட ஒட்டிக்கும். அப்பப்ப ஓரமா இருக்கிற மெத்து பனிக்குள்ள இறங்கி ஏறுங்க. போகி வீல் (ட்ராக்குக்குள்ள ரயிலுக்குப் பதிலா குட்டி சக்கரங்கள்) வண்டிக்கு இந்தக் கவல குறைவு, அதுக்குப் பதிலா பேரிங்குகளுக்கு கிரீஸ் வைக்கிற கவல.

கேள்வி: எங்க வண்டி கம்பெனி மூடி அம்பது வருஷம் ஆச்சு. ஸ்பேர் எங்க தேடறது? அப்படியே முதல் ஸ்னோமொபைல் யாரோடதுன்னும் சொல்லுங்க.

பதில்: வண்டி பேர விட்டுட்டு எஞ்சின் பேர்ல தேடுங்க. எழுபதுகள் தொடக்கத்துல நூத்துக்கும் மேல கம்பெனிங்க ஸ்னோமொபைல் செஞ்சாங்க, ஆனா சொந்தமா எஞ்சின் செஞ்சவங்க கொஞ்சம்தான், மிச்ச பேர் ரோட்டாக்ஸ், சாக்ஸ், ஹிர்த், கோலர் மாதிரி ஆளுங்ககிட்ட வாங்கி மாட்டினாங்க. சிலிண்டர் மேல, ஃபேன் மூடி மேல ஒரு தகடு இருக்கும், அந்த நம்பர்ல பிஸ்டன், ரிங், சீல் எல்லாம் கிடைக்கும். சீல், பேரிங்குக்கு அதுவும் வேண்டாம், உள் அளவு வெளி அளவு தடிமன் அளந்தா போதும். கஷ்டம் ஹூடும் கண்ணாடியும் சீட்டும்தான், அதுக்கு இன்னொரு செத்த வண்டிய வாங்கிப் போட்டுக்கறதுதான் வழி. வீட்ல என்ன சொல்லுவாங்கங்கறது உங்க பாடு.

முதல் வண்டிக்கு ஒரு பேர் சொல்ல முடியாது. அமெரிக்காவுல விஸ்கான்சின்ல செய்னர்ங்கற ஊர்ல கார்ல் எலியாசன் 1924ல ஒரு மோட்டார் வச்ச சறுக்கு வண்டி செஞ்சார், 1927ல பேட்டன்ட். கனடாவுல கியூபெக் வல்கூர்ல ஜோசஃப்-ஆர்மான் பம்பார்டியே 1937ல ஏழு பேர் உக்கார்ற பெரிய பனிவண்டி கொண்டு வந்தார், 1934 குளிர்காலத்துல சாலையெல்லாம் பனி மூடினதால ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக முடியாம தன் குழந்தைய இழந்தவர் அவர். அவரே 1959ல விட்ட சின்ன வண்டிதான் ஸ்கி-டூ. ஸ்கி-டாக்னுதான் பேர் வச்சிருந்தாங்க, எழுத்துப் பிழைல ஸ்கி-டூ ஆச்சுன்னு சொல்வாங்க. முதல் கேள்வில வந்த எலான் அந்தக் குடும்பந்தான், 1971ல இருந்து 1996 வரைக்கும் பெருசா உருவம் மாறாம வந்துச்சு, அதனாலதான் அதுக்கு இன்னைக்கும் ஸ்பேர் சுலபம்.

கேள்வி: த்ராட்டில் கேபிள் லேசா இறுக்கமா இருக்கு, எண்ணெய் விட்டா போதுமா?

பதில்: போதாது, மாத்துங்க. உள்ள ஈரம் புகுந்து உறைஞ்சா த்ராட்டில் திறந்தபடியே நிக்கும், மரம் எதிர்ல இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லிவர அமுக்கி விடுங்க, டப்புன்னு திரும்பணும். கயித்தோட வர்ற கில் ஸ்விட்ச் ஒண்ணு பழைய வண்டிலயும் மாட்டலாம், ஒரிஜினல் தோற்றம் கெடும்னு சொல்றவங்க பேச்ச இதுல கேக்காதீங்க. பிரேக் பேட தேய்ச்சு தூசி ஊதாதீங்க, அந்தக் காலத்து பேடுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணில துடைங்க.

கேள்வி: சீசன் முடிஞ்சா என்ன பண்ணி நிறுத்தணும்?

பதில்: கார்புல இருக்கிற பெட்ரோல் ஒரு சொட்டு விடாம வடிச்சுடுங்க. டேங்க காலி பண்ணுங்க, இல்லன்னா ஸ்டெபிலைசர் போட்டு நிரப்புங்க, அரைகுறையா விடாதீங்க. பிளக் ஓட்ட வழியா ஃபாகிங் ஆயில் (எஞ்சின் உள்ள துருப்பிடிக்காம காக்கற ஆயில்) விட்டு கயித்த மெதுவா நாலு இழுப்பு. பெல்ட்ட கழட்டி தட்டையா வைங்க. செயின் கேஸ் (ட்ராக்க சுத்த வைக்கற செயின் இருக்கிற பெட்டி) ஆயில இப்பவே மாத்துங்க, அதுல தண்ணி சேந்திருந்தா ஆறு மாசம் பேரிங்க தின்னும். பின்பக்கத்த ஸ்டாண்ட்ல தூக்கி ட்ராக் டென்ஷன தளர்த்துங்க. பிளாஸ்டிக் ஷீட்டால இறுக்கி மூடாதீங்க, உள்ள வேர்க்கும், துணி போதும்.

எலிக்கு கார்ப் வாய்லயும் எக்ஸாஸ்ட்லயும் பந்து மாதிரி ஸ்டீல் வுல் திணிச்சு வைங்க, திணிச்சதும் 'உள்ள ஸ்டீல் வுல் இருக்கு'ன்னு ஒரு சீட்டு எழுதி ஹேண்டில்ல கட்டிடுங்க. நான் ஒரு வருஷம் சீட்டு கட்டல, அடுத்த டிசம்பர்ல கயித்த நாப்பது தடவ இழுத்து தோள்பட்ட வீங்கி, கார்ப பாதி பிரிச்சு போட்டதுக்கு அப்புறம்தான் எக்ஸாஸ்ட் ஞாபகம் வந்துச்சு.